ஹரிக்கேன் வரும்போது கப்பல் துறைமுகத்துல நிக்கறது நல்லதா, கடலுக்குப் போறது நல்லதா?

கரையோரன்:

வணக்கம். கப்பல்ல வேலை பாத்தவங்க, பாத்துக்கிட்டு இருக்கறவங்க யாராவது இருந்தா பதில் சொல்லுங்க, மனசு சரியில்லாம தான் இத டைப் பண்றேன்.

என் தம்பி டெக் கேடட்டா (கப்பல் அதிகாரி ஆகறதுக்கு பயிற்சி எடுக்கறவன்) சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. கன்டெய்னர் கப்பல். அமெரிக்காவோட கிழக்குக் கரையில ஒரு துறைமுகத்துல சரக்கு இறக்கிட்டு இருந்திருக்காங்க, ஹரிக்கேன் வருதுன்னு அறிவிப்பு வந்ததும் மிச்ச சரக்க அப்படியே வெச்சுக்கிட்டு கப்பல வெளிய எடுத்துட்டாங்க. "கடலுக்குப் போறோம், நாலஞ்சு நாள் நெட் கிடைக்காது, பயப்படாதீங்க"ன்னு ஒரு மெசேஜ் போட்டான், அதோட சரி.

அம்மா கேக்கற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. புயல்னா மீன்பிடிக்கப் போறவங்கள கரைக்கு வரச் சொல்றாங்க, அப்ப இவ்ளோ பெரிய கப்பல மட்டும் ஏன் புயல் இருக்கற கடலுக்கே வெரட்டி விடறாங்க, நல்லா இறுக்கிக் கட்டி வெச்சுட்டு ஆளுங்கள எறக்கி விட்டா என்னன்னு கேக்கறாங்க. எனக்கும் அதே தான் தோணுது. நெட்ல தேடப் போய் எல் ஃபாரோ கப்பல் பத்திப் படிச்சுட்டேன், 33 பேர், ஒருத்தர் கூட திரும்பல, அதுக்கப்புறம் தூக்கமே வரல. உண்மையிலேயே எது பாதுகாப்பு? சமாதானத்துக்காக எதுவும் சொல்ல வேண்டாம், உள்ளத சொல்லுங்க.

செகண்ட் மேட்:

தம்பி, மொதல்ல ஒண்ணு, உங்க தம்பி கப்பல புயலுக்குள்ள அனுப்பல, புயல விட்டு தூரமா அனுப்பியிருக்காங்க. "கடலுக்குப் போறோம்"னு கேக்கும்போது வீட்டுல இருக்கறவங்களுக்கு புயலுக்கு நடுவுல கப்பல் ஆடற மாதிரி தான் கண்ணுக்குத் தெரியும், ஆனா ரெண்டு மூணு நாள் முன்னாடியே கெளம்பின கப்பல் நாலஞ்சு நூறு மைல் தள்ளிப் போயிருக்கும். ஹரிக்கேன் வெப்ப மண்டலத்துல இருக்கற வரைக்கும் பெரும்பாலும் 10, 12 நாட் (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்துல தான் நகரும், கன்டெய்னர் கப்பல் 18, 20 நாட் ஓடும். கப்பலுக்கு இருக்கற பெரிய ஆயுதமே அந்த வேகம் தான், கட்டிப்போட்டா அது போயிடுது.

அங்க இதுக்குன்னு ஒரு முறையே இருக்கு. காற்று துறைமுகத்துக்கு வர்றதுக்கு 72 மணி நேரம் இருக்கும்போது கோஸ்ட் கார்டு 'விஸ்கி'ன்னு ஒரு நிலைய அறிவிப்பாங்க, 48 மணி நேரத்துல 'எக்ஸ்ரே', 24ல 'யாங்கி', 12ல 'ஜூலு'. 500 கிராஸ் டன்னுக்கு மேல உள்ள கப்பல்னா வெளிய போகணும், இல்ல எப்படி நிக்கப் போறோம்னு திட்டம் எழுதிக் குடுத்து அனுமதி வாங்கி நிக்கணும். ஜூலு வந்தா துறைமுகமே மூடிடும், அப்புறம் கப்பலுக்கு வழிகாட்டற பைலட்டும் வர மாட்டார், கப்பல இழுத்துத் தள்ளற டக் படகும் வராது, போகணும்னு நெனச்சாலும் போக முடியாது. அமெரிக்க கடற்படையும் இதையே தான் செய்யுது, 2018 செப்டம்பர்ல ஃபுளோரன்ஸ் ஹரிக்கேன் வந்தப்ப நார்ஃபோக் பக்கத்துல இருந்து ஏறக்குறைய 30 கப்பல வெளிய அனுப்புனாங்க. சண்டைக்குன்னே கட்டுன கப்பலயே கட்டி வெக்க நம்பிக்கை இல்ல அவங்களுக்கு.

ஏன் கட்டி வெக்கக் கூடாதுன்னா, காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா தள்ளற பலம் நாலு மடங்காகும். சரக்கு அடுக்குன ஒரு பெரிய கன்டெய்னர் கப்பலோட பக்கவாட்டு சுவர் சுமாரா 10,000 சதுர மீட்டர்னு வெச்சுக்கங்க. 50 நாட் காத்து நேரா பக்கத்துல அடிச்சா ஏறக்குறைய 400 டன் தள்ளு. 100 நாட்ல அது 1,600 டன்னத் தாண்டும். கப்பலக் கரையோட கட்டற ஒரு மூரிங் ரோப் 100, 150 டன்ல அறுந்துடும், அதுக்கும் முன்னாடி ரோப்ப சுத்தி வெச்சிருக்கற வின்ச்சோட பிரேக் அந்த பலத்துல 60 சதவீதத்துலயே வழுக்க ஆரம்பிக்கும், அப்படித்தான் செட் பண்ணியிருப்பாங்க, ரோப் அறுந்து ஆள அடிக்கறத விட வழுக்கறது மேல்னு. 16 ரோப் போட்டாலும் எல்லாம் சமமா இழுக்காது, மொதல்ல ஒண்ணு போகும், அதோட பாரம் பக்கத்துல இருக்கறதுக்குப் போகும், அப்புறம் வரிசையா போகும்.

நான் இத நேர்ல பாத்தவன். ஹரிக்கேன் கூட இல்ல, ராத்திரி திடீர்னு எழும்புன காத்து, 55 நாட் இருந்திருக்கும். நாங்க துறைமுகத்துல கட்டியிருந்தோம். முன்பக்க டெக்ல நானும் போசனும் (டெக் ஆளுங்களுக்குத் தலைவர்) ரெண்டு ஏபியும் (மாலுமிங்க). ரோப் இறுகும்போது ஒரு சத்தம் வரும், முறுக்கற சத்தம், அது கொஞ்சம் கொஞ்சமா மெலிசாகி மேல போகும். மழைத்தண்ணி ரோப்புல இருந்து பிழிஞ்சு தெறிக்குது. வின்ச் பிரேக்குல இருந்து புகை வாடை வருது, கருகின ரப்பர் மாதிரி. போசன் ஒண்ணும் பேசாம எங்க ரெண்டு பேர் தோளப் புடிச்சு பின்னாடி இழுத்தார், பத்து செகண்ட் இருக்காது, பிரெஸ்ட் லைன் (கப்பலக் கரையோட ஒட்டிப் புடிக்கற குறுக்கு ரோப்) ஒண்ணு அறுந்து நாங்க நின்ன இடத்துல ரெயில வளைச்சுட்டுப் போச்சு. கப்பல் பெர்த்த (கட்டியிருந்த மேடைய) விட்டு நாலஞ்சு மீட்டர் நகர்ந்து, ஏறி எறங்கற கேங்வே படி தண்ணியில விழுந்துச்சு. டக் வந்து அமுக்கிப் புடிச்சதால பொழச்சோம். ஹரிக்கேன்ல அந்த டக்கும் வராது.

இன்னொண்ணு தண்ணி. ஹரிக்கேன் வந்தா கடலே மேல ஏறும். 2005ல கேட்ரினா வந்தப்ப மிசிசிப்பியோட பாஸ் கிறிஸ்டியன்ல 8 மீட்டருக்கு மேல ஏறுச்சு. கப்பல் அவ்ளோ மேல ஏறுனா ரோப் எல்லாம் செங்குத்தா நிக்கும், புடிமானமே இருக்காது, கப்பல் கரையில இடிக்காம இருக்க வெச்சிருக்கற ஃபெண்டரத் தாண்டி கப்பல் பெர்த்து மேலயே உக்காந்துடும். அந்தப் புயல்ல பிலாக்ஸி கரையில மிதந்துக்கிட்டு இருந்த கேசினோ பார்ஜ் எல்லாம் ரோட்டத் தாண்டி ஊருக்குள்ள கெடந்துச்சு.

எஞ்சின்ரூம்:

செகண்ட் மேட் சொன்னது அத்தனையும் சரி, ஆனா எல் ஃபாரோ பத்தி அவர் தொடாம போயிட்டார், கேட்டவர் தூங்காம இருக்கறதே அதனால தான், அதனால நான் சொல்றேன்.

அது புயலுக்கு பயந்து கடலுக்குப் போன கப்பல் இல்ல. 2015 செப்டம்பர் 29 ராத்திரி ஜாக்சன்வில்ல இருந்து போர்ட்டோ ரிக்கோவுக்கு வழக்கமான சரக்கோட போன கப்பல், ஹுவாகீன்ங்கற அந்தப் புயல் அப்ப ஹரிக்கேனா கூட ஆகல. பக்கமா போயிடலாம்னு கணக்கு போட்டாங்க. கேப்டன் நம்பிப் பாத்த வானிலை ஃபைல்ல இருந்த தகவல் பல மணி நேரம் பழசு, ஆனா பிரிட்ஜ்ல இன்னொரு வழியா புது தகவல் வந்துக்கிட்டே இருந்துச்சு. ராத்திரி வாட்ச்ல இருந்த மேட்டுங்க (கேப்டனுக்குக் கீழ உள்ள அதிகாரிங்க) புயல் கிட்ட வருது, தெக்கு பக்கமா திருப்பலாம்னு கேப்டனோட கேபினுக்கு போன் பண்ணிக் கேட்டாங்க. திரும்பல. அது எல்லாமே கப்பலோட ரெக்கார்டர்ல பதிவாகியிருக்கு, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல ஏறக்குறைய 4,600 மீட்டர் ஆழத்துல இருந்து அத எடுத்தாங்க, 26 மணி நேரப் பேச்சு.

முடிச்சு வெச்சது என்னன்னா எங்க டிபார்ட்மென்ட் விஷயம் தான், அதனால தான் எனக்கு இது உள்ள குத்துது. பக்கக் காத்துல கப்பல் ஒரு பக்கமா சாஞ்சே நின்னுச்சு, மூடாம இருந்த ஒரு சின்ன ஸ்கட்டில் (ஆள் எறங்கற மூடி) வழியா சரக்கு வெக்கற ஹோல்டுக்குள்ள தண்ணி போச்சு. தண்ணிய நிறுத்தறதுக்காக கப்பலத் திருப்பி சாய்வ மறுபக்கம் மாத்துனாங்க. எஞ்சினுக்குப் போற லூப் ஆயில (மசகு எண்ணெய) உறிஞ்சற குழாயோட வாய் நடுவுல இல்ல, ஒரு பக்கமா தள்ளி இருக்கும், கப்பல் மறுபக்கம் சாஞ்சதும் எண்ணெய் அத விட்டு ஒதுங்கிடுச்சு. சம்ப்புல (அந்த எண்ணெய் தேங்கற தொட்டியில) எண்ணெயும் இருக்க வேண்டிய அளவ விட கம்மி. பிரஷர் போச்சு, டர்பைன் நின்னுச்சு. எஞ்சின் நின்ன கப்பல் அலைக்கு குறுக்கா தான் திரும்பும், அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. அக்டோபர் 1 காலையில பஹாமாஸ்ல க்ரூக்கட் ஐலண்ட் பக்கத்துல போச்சு. 1975ல கட்டுன கப்பல், மேல மூடியில்லாத பழைய மாதிரி லைஃப்போட்.

நான் ஒரு தடவ பசிபிக்ல டைஃபூனோட (ஹரிக்கேனுக்கு அங்க அந்தப் பேர்) ஓரத்துல மாட்டியிருக்கேன், ஓரத்துல தான். கப்பல் பின்பக்கம் தூக்கும்போது ப்ரொப்பெல்லர் தண்ணிய விட்டு வெளிய வந்து எஞ்சின் ஒரே கத்து கத்தும், வேகத்தக் கட்டுப்படுத்தற கவர்னர் அடக்கும், மறுபடி உள்ள முங்கும்போது மொத்த கப்பலும் நடுங்கும். நாப்பது மணி நேரம் கன்ட்ரோல் ரூம விட்டு யாரும் போகல. ஃபியூவல் டேங்க் அடியில படிஞ்சிருந்த சேறு எல்லாம் கலங்கி ஃபில்டர்ல வந்து அடைக்கும், அத கழட்டி கழுவி மாட்டிக்கிட்டே இருந்தோம், ஒருத்தன் கழுவ ஒருத்தன் டார்ச் புடிக்க. ஒரே ஒரு தடவ அது மொத்தமா அடைச்சிருந்தா நான் இத எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன். அதனால "கடல்ல தான் கப்பல் பாதுகாப்பு"ன்னு யாராவது மொட்டையா சொன்னா எனக்கு கோவம் வரும். எஞ்சின் நல்லா இருக்கணும், நேரத்தோட கெளம்பணும், புயல் பக்கமா போகக் கூடாது. இதுல ஒண்ணு இல்லன்னாலும் கடல் பாதுகாப்பு கெடையாது.

பாய்மரம்:

"கடல்ல தான் கப்பல் பாதுகாப்பு"ங்கற அந்த வாக்கியத்த நம்பித் தான் 2012ல பவுன்டிங்கற கப்பல் போச்சு. பழைய காலத்து கப்பல் மாதிரியே 1960ல மரத்துல கட்டுன பாய்மரக் கப்பல். சாண்டி ஹரிக்கேன் வருதுன்னு ஊரே பேசிக்கிட்டு இருந்தப்ப அக்டோபர் 25 சாயங்காலம் அமெரிக்காவோட நியூ லண்டன்ல இருந்து 16 பேரோட கெளம்புனாங்க, துறைமுகத்த விட கடல் தான் கப்பலுக்கு நல்லதுன்னு சொல்லிட்டு. நாலு நாள்ல ஹாட்டராஸ் முனைக்கு தென்கிழக்க தண்ணி ஏறி பம்பு நின்னு சாஞ்சுச்சு. கோஸ்ட் கார்டு ஹெலிகாப்டர் 14 பேர தூக்குச்சு, ஒருத்தர் சடலமா கெடச்சார், கேப்டன் கெடைக்கவே இல்ல. விசாரணை பண்ணவங்க கெளம்பின முடிவு தான் காரணம்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க. 20 நாட் ஓடற இரும்புக் கப்பலுக்கு சரியா இருக்கற விதி 8 நாட் ஓடற மரக்கப்பலுக்கு சரியா இருக்காது, அது புயல முந்தவே முடியாது.

ஃபான்டோம் கப்பலோடது இன்னும் மோசமான கதை. 1998, மிட்ச் ஹரிக்கேன். நாலு பாய்மரம் உள்ள சுற்றுலாக் கப்பல். பெலிஸ்ல பயணிகள எல்லாம் எறக்கி விட்டுட்டு, சிப்பந்திங்க 31 பேரோட புயலுக்கு வழி விடறதுக்காக கெளம்புனாங்க. வடக்க போக முடியல, தெக்க ஹோண்டுராஸ் கரை, அதனால ரோவட்டான் தீவுக்குப் பின்னாடி ஒதுங்குனாங்க. மிட்ச் திரும்பி அவங்க பக்கமே வந்துச்சு. 31 பேரும் போயிட்டாங்க. கடல்ல ஒதுங்கணும்னா ஓடறதுக்கு எடம் வேணும், ஒரு பக்கம் கரை இருந்தா அது கடலே இல்ல, மூடுன ரூம்.

சின்ன படகுக்கு என்னக் கேட்டா கரையில ஏத்தி தரையோட ஸ்ட்ராப் போட்டு கட்டறது தான். மாங்குரோவ் காட்டுக்குள்ள சொருகி மரத்துக்கு மரம் கட்டுவாங்க, அதுவும் நல்லது, ஆனா எல்லாரும் ஒரே ஒதுக்குக்குள்ள வந்தா ஆபத்து. 1989ல ஹியூகோ ஹரிக்கேன் வந்தப்ப போர்ட்டோ ரிக்கோவோட குலேப்ரா தீவுல ரொம்ப பாதுகாப்பான வளைகுடான்னு நூத்துக்கணக்கான படகு உள்ள வந்து நங்கூரம் போட்டுச்சு, ஒண்ணு அறுந்து இன்னொண்ணு மேல மோதி பெரும்பாலானது கரையில குவிஞ்சுச்சு. நம்ம கயிறு நல்லா இருந்தா பத்தாது, பக்கத்து படகோட கயிறும் நல்லா இருக்கணும்.

கரையோரன்:

எல்லாருக்கும் நன்றி, நெஜமாவே. அம்மாவுக்கு படிச்சுக் காட்டினேன், எல் ஃபாரோ பகுதிய மட்டும் படிக்கல. ஒரு சந்தேகம், புயல் எந்தப் பக்கம் போகும்னு யாருக்கும் உறுதியா தெரியாதுன்னு தான சொல்றாங்க, மிட்ச் மாதிரி திரும்பிட்டா? அப்ப கப்பல் எந்தப் பக்கம் ஓடறதுன்னு எப்படி முடிவு பண்றாங்க?

செகண்ட் மேட்:

நல்ல கேள்வி. சார்ட்ல புயல் பாதைய ஒரு கோடா போட மாட்டோம், கூம்பு மாதிரி போடுவோம். 1-2-3 விதின்னு ஒண்ணு இருக்கு, 24 மணி நேர கணிப்புக்கு 100 கடல் மைல், 48க்கு 200, 72க்கு 300 மைல் தப்பு இருக்கலாம்னு எடுத்துக்கிட்டு, அதோட 34 நாட் காத்து அடிக்கற வட்டத்தயும் கூட்டி, அந்த மொத்த எடத்துக்குள்ளயும் போகவே கூடாது. கோட்டு மேல இல்ல, வட்டத்துக்கு வெளிய தான் நிக்கறோம்னு ஆயிடுச்சுன்னா, புயல் கொஞ்சம் திரும்புனாலும் நம்ம கிட்ட இன்னும் எடம் இருக்கும்.

அப்புறம் புயலுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு இல்ல. வடக்கு அரைக்கோளத்துல புயல் போற திசையப் பாத்து நின்னா வலது பக்கம் ஆபத்தான பக்கம், ஏன்னா அங்க காத்தோட வேகமும் புயல் நகர்ற வேகமும் கூடும், போதாததுக்கு கப்பல புயலோட பாதைக்கு முன்னாடி தள்ளும். இடது பக்கம் காத்து கொஞ்சம் கம்மி, நம்மள பின்னாடி தள்ளி விடும். தெக்கு அரைக்கோளத்துல இது தலைகீழ். சாட்டிலைட் இல்லாத காலத்துலயும் இத கண்டுபுடிச்சாங்க, கப்பல நிறுத்திட்டு காத்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாப்பாங்க. கடிகாரம் சுத்தற மாதிரி திரும்புனா நாம வலது பக்கம், எதிர்ப்பக்கம் திரும்புனா இடது பக்கம், காத்து திரும்பவே இல்லாம பாரோமீட்டர் மட்டும் எறங்கிக்கிட்டே இருந்தா புயல் நம்மள நோக்கி நேரா வருது. எல்லா முடிவும் எவ்ளோ சீக்கிரம் எடுக்கறோமோ அவ்ளோ சின்ன திருப்பம் போதும். மூணு நாள் முன்னாடி பத்து டிகிரி திருப்புனா போதும், மூணு மணி நேரம் முன்னாடி எத்தன டிகிரி திருப்புனாலும் பத்தாது.

கொடிமரம்:

நான் சரித்திரம் படிக்கறவன், கப்பல்ல வேலை பாத்ததில்ல. ஆனா இந்தக் கேள்விக்கு 1889 மார்ச்ல சமோவாவோட ஆப்பியா துறைமுகத்துல நடந்தது மாதிரி ஒரு சோதனை வேற எங்கயும் நடக்கல. அமெரிக்கா மூணு, ஜெர்மனி மூணு, பிரிட்டன் ஒண்ணு, ஆக ஏழு போர்க்கப்பல் உள்ள. பாரோமீட்டர் எறங்குறது எல்லாருக்கும் தெரியும், ஆனா நாம போயிட்டா மத்தவன் தீவப் புடிச்சுக்குவான்னு ஒருத்தரும் நகரல. பவளப்பாறை சூழ்ந்த எடம், வடக்க பாத்து தொறந்து கெடக்கு, புயல் நேரா உள்ள வந்துச்சு. நங்கூரம் ஒண்ணொண்ணா அறுந்து கப்பலுங்க ஒண்ணு மேல ஒண்ணு மோதுச்சு.

பிரிட்டிஷ் கப்பல் கலியோப் மட்டும் கடைசி நேரத்துல நங்கூரச் சங்கிலிய விட்டுட்டு எஞ்சின முழு வேகத்துல வெச்சு வெளிய போகப் பாத்துச்சு. முழு வேகத்துலயும் ஒரு நாட் கூட நகரல. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் அமெரிக்காவோட ட்ரென்டன், அதுவும் அப்ப பாய்லர் தீ அணைஞ்சு எஞ்சின் இல்லாம, ஒண்ணும் செய்ய முடியாம கெடக்கு. கலியோப் உரசற மாதிரி கடந்து போகும்போது ட்ரென்டன்ல இருந்த மாலுமிங்க அத்தன பேரும் சேர்ந்து அவங்களுக்காக ஆரவாரம் பண்ணாங்க. தாங்க கரையில மோதப் போறோம்னு தெரிஞ்சும். இத படிக்கும்போதெல்லாம் எனக்கு தொண்ட அடைக்கும். மத்த ஆறும் ஒடஞ்சுச்சு, இல்ல கரை ஏறுச்சு, 140 பேருக்கு மேல செத்தாங்க.

ஆனா எதிர்ப்பக்கமும் சொல்லணும். 1944 டிசம்பர் 18, பிலிப்பைன்ஸுக்கு கிழக்க அமெரிக்காவோட பெரிய கப்பற்படை நடுக்கடல்ல. ஓட எடம் தாராளமா இருந்துச்சு. புயல் எங்க இருக்குன்னு தப்பா கணிச்சு அதுக்குள்ளயே போயிட்டாங்க. சின்ன டெஸ்ட்ராயருங்களுக்கு எண்ணெய் தீந்து போய் வயிறு காலியா மேல தூக்கிக்கிட்டு இருந்துச்சு, எண்ணெய் வாங்கணும்னு பேலஸ்ட் தண்ணியயும் (கப்பல் ஆடாம இருக்க பாரத்துக்காக ரொப்பற தண்ணி) முழுசா ரொப்பல. ஹல், ஸ்பென்ஸ், மோனகன் மூணும் கவுந்துச்சு, ஏறக்குறைய 790 பேர். நங்கூரம் போட்டு கரைய ஒட்டி நிக்கறதும் ஆபத்து தான், 2007 ஜூன்ல ஆஸ்திரேலியாவோட நியூகாசில்ல புயல் எச்சரிக்கை குடுத்தும் வெளிய போகாம நங்கூரத்துலயே இருந்த பாஷா பல்கர் நேரா பீச்சுல போய் ஏறுச்சு, நல்லவேளையா உயிர்ச்சேதம் இல்ல. சரக்கு இல்லாத காலிக் கப்பல், காத்து புடிச்சுக்கிச்சு.

எஞ்சின்ரூம்:

பேலஸ்ட் விஷயம் ரொம்ப முக்கியம், நல்லா எடுத்துச் சொன்னீங்க. கரையோரன், உங்க தம்பி கப்பல்ல மிச்ச சரக்கு இன்னும் இருக்குன்னு சொன்னீங்கல்ல, அது நல்லது தான், கப்பல் நல்லா முங்கி நிக்கும்.

கரையோரன்:

இன்னிக்கு காலையில மெசேஜ் வந்துடுச்சு! புயல் வடக்க போயிடுச்சாம், இவங்க தெக்கு பக்கமா சுத்திப் போயி பின்னாடி வந்துட்டாங்களாம், ரெண்டு நாள் நல்லா ஆடுச்சாம், வாந்தி எடுத்தானாம், இப்ப சாப்பிடறானாம். அம்மா அழுதுட்டாங்க. ஆனா துறைமுகத்துக்குள்ள இன்னும் விடல, வெளிய நிக்கறோம்னு போட்டிருக்கான். கப்பல்ல ஏதாவது பிரச்சனையா இருக்குமோ?

செகண்ட் மேட்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. பிரச்சனை ஒண்ணும் இல்ல, அது வழக்கம் தான். புயல் போனதுக்கப்புறம் சேனல்ல மணல் சேந்திருக்கும், வழி காட்டற மிதவை (போயா) எல்லாம் எடம் மாறியிருக்கும், கன்டெய்னர், மரம்னு ஏதாவது முங்கிக் கெடக்கும். சர்வே படகு போயி ஆழம் அளந்து சரின்னு சொன்னா தான் தொறப்பாங்க, அதுவும் மொதல்ல பகல்ல மட்டும், கம்மி டிராஃப்ட் உள்ள (தண்ணிக்குள்ள கம்மியா முங்கற) கப்பல மட்டும் விடுவாங்க. ரெண்டு நாள் ஆகலாம். அவன்கிட்ட அந்த மூணு நாள் சார்ட்ட போட்டோ எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க, செகண்ட் மேட் எக்ஸாம்ல இதே கேள்வி வரும்.

கரையோரன்:

சொல்லிட்டேன் அண்ணே. ஏற்கனவே எடுத்து வெச்சிருக்கானாம்.